கெய்லி பேண்டு பேசப் போகிறீர்களா? முதலில் காலரைக் கேளுங்கள், பிறகு தரையைப் பாருங்கள்

ஸ்காட்லாந்தில், ஃபைஃப் பக்கம் ஒரு சின்ன ஊர்ப் பொது மண்டபத்துக்கு புக்கிங் பார்ப்பது நான்தான். சம்பளம் கிடையாது. கமிட்டியில் வேறு யாரும் முன்வராததால் என் தலையில் விழுந்த வேலை. கல்யாணம், ஐம்பதாவது பிறந்தநாள், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25-ஐ ஒட்டி பர்ன்ஸ் விருந்து, டிசம்பர் 31 இரவு ஹாக்மனே என்கிற புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று வருஷம் முழுக்க கெய்லிக்கு (எல்லோரும் சேர்ந்து ஆடும் ஸ்காட்டிஷ் நாட்டுப்புற ஆட்டத்துக்கு) வாசிக்கும் பேண்டுகள் எங்கள் மண்டபத்துப் படியேறி இறங்குகின்றன. கொஞ்ச காலமாக எடின்பரோ, டன்ஃபர்ம்லின் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பையன் நம்ம வீடு, பொண்ணு இந்த ஊர். இல்லை, ரெண்டு பேருமே தமிழ்தான், ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆடிய ஆட்டத்தைக் கல்யாணத்திலும் ஆட ஆசை. "அக்கா, நல்ல பேண்டு ஒண்ணு சொல்லுங்களேன்" என்று போன் வரும்.

பேண்டின் பெயரை நான் சொல்வதில்லை. பதிலுக்கு ஒன்று கேட்பேன்: வருகிறவர்களில் எத்தனை பேர் ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூடம் போனவர்கள்? இங்கே கிறிஸ்துமஸுக்கு முன்னால் உடற்பயிற்சி வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு இந்த ஆட்டங்களைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதனால் 'கே கார்டன்ஸ்' என்று மைக்கில் சொன்னதுமே பாதிக் கூட்டம் தானாக ஜோடி சேர்ந்து வட்டமாக நின்றுவிடும். லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் அப்போது சுவரோரமாக ஒதுங்கி போனை எடுப்பார்கள். அந்தச் சுவரோரக் கூட்டம் உங்கள் விருந்தில் எவ்வளவு பெரிது என்பதை வைத்துத்தான் பேண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலர் யார்?

கெய்லி பேண்டில் முக்கியமான ஆள் அக்கார்டியன்காரரும் இல்லை, பிடில்காரரும் இல்லை. மைக்கில் நின்று, ஒவ்வோர் ஆட்டத்தையும் பாட்டில்லாமல் ஒருமுறை நடத்திக்காட்டி, பிறகு பாட்டோடு சேர்த்து அடியடியாகக் கூப்பிட்டுச் சொல்கிற காலர்தான். வாத்தியம் சுமாராக இருந்து காலர் கெட்டிக்காரராக இருந்தால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். வாத்தியம் பிரமாதமாக இருந்து காலர் சொதப்பினால், இரண்டாவது ஆட்டத்திலேயே எல்லோரும் பார் பக்கம் போய்விடுவார்கள். இரண்டையும் எங்கள் மண்டபத்தில் பார்த்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் வாசிப்பவர்களில் ஒருவரே காலராகவும் இருப்பார். எல்லோருக்கும் ஆட்டம் தெரிந்த கூட்டத்துக்கு அது போதும். தெரியாதவர்கள் பாதிக்கு மேல் என்றால், தனியாக ஒரு காலர் வருவாரா என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் காசு ஆகும், ஆனால் அந்தக் காசு வீணாகாது. அக்கார்டியனை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பவரால் கீழே இறங்கி உங்கள் சித்தப்பாவின் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட முடியாது. தனிக் காலர் தலையில் மாட்டிய ஒயர்லெஸ் மைக்கோடு நடுவில் வந்து நிற்பார். இங்கிலாந்தில், லீட்ஸோ லெஸ்டரோ பக்கம் இருப்பவர்கள் 'பார்ன் டான்ஸ் பேண்டு' என்று கேட்டால் தனிக் காலர் பெரும்பாலும் கூடவே வந்துவிடுவார். அங்கே ஆட்டங்கள் வேறு, வாசிப்பும் வேறு. அயர்லாந்துக்காரர்களின் கெய்லியில் ஆட்டப் பட்டியலே தனி. எந்த ஊர் ஆட்டம் வேண்டும் என்பதை முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம். 1923-ல் கிளாஸ்கோவில் ஆரம்பித்த ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி வழியில் வாசிக்கும் பேண்டுகள் உண்டு. அவர்கள் வாசிப்பு சுத்தமாக இருக்கும். ஆனால் வாரந்தோறும் வகுப்புக்குப் போய், பாதத்தை நீட்டி ஆடப் பழகியவர்களுக்கு வாசித்துப் பழக்கப்பட்டவர்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு கெய்லி பேண்டே சரி.

காலரைச் சோதிக்க இணையத்தில் இருக்கும் வீடியோ போதும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால். ஸ்டூடியோவில் பதிந்த பாட்டை விட்டுவிடுங்கள். ஏதாவது கல்யாணத்தில் யாரோ போனில் எடுத்த வீடியோவைத் தேடிப் பிடித்து, பேண்டுக்கு முன்னால் ஆடுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். தடுமாறி மோதிக்கொண்டும் சிரிக்கிறார்களா? அப்படியானால் காலர் நல்லவர். அதைவிட உத்தமம், காசு கொடுத்து ஒரு பொது கெய்லிக்கு நீங்களே போய் ஆடிப் பார்ப்பது. கிளாஸ்கோவில் ஸ்லோன்ஸ் என்ற பாரில் நடக்கும்; லண்டனில் செசில் ஷார்ப் ஹவுஸ் என்ற நாட்டுப்புறக் கலை மையத்தில் நடக்கும். கல்யாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். மேடையில் இருப்பவரைப் பிடித்திருந்தால் இடைவேளையில் போய்ப் பேசலாம்.

பேசும்போது மறக்காமல் கேட்க வேண்டியது: "அன்றைக்கு நீங்களேதான் வருவீர்களா?" ஒரே பெயரில் ஒரே இரவில் இரண்டு இடத்துக்கு ஆள் அனுப்பும் பேண்டுகள் உண்டு. ஒருவருக்கு முடியாவிட்டால் பதிலுக்கு வேறொருவரை அனுப்புவதை 'டெப்' என்பார்கள். டிரம்ஸுக்கு டெப் வந்தால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. காலருக்கு டெப் வரக் கூடாது, வந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர், என்ன வாத்தியம்

மூன்று பேர் போதும். அக்கார்டியன், பிடில், டிரம்ஸ். நூற்றைம்பது பேருக்கு மேல் என்றால் நான்காவதாக கீபோர்டோ பேஸ் கிட்டாரோ சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஊரில் அக்கார்டியனை 'பாக்ஸ்' என்பார்கள். ஸ்காட்டிஷ் நடன பேண்டில் பாக்ஸுக்கு இவ்வளவு மரியாதை வந்ததில் எங்கள் ஃபைஃப்காரர் ஒருவருக்குப் பெரிய பங்குண்டு. 1908-ல் ஈஸ்ட் வீமிஸில் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு 'சர்' பட்டம் வரைக்கும் போன ஜிம்மி ஷாண்ட். சம்பந்தி வீட்டுத் தாத்தா பாட்டிகளை மேசையிலிருந்து எழுப்ப வேண்டுமா, அவருடைய ப்ளூபெல் போல்காவை வாசிக்கச் சொல்லுங்கள்.

பேக்பைப் வேண்டும் என்று கேட்பவர்கள் அதைத் தனியாகப் பேச வேண்டும். பைப்பின் சுருதி மற்ற வாத்தியங்களோடு சேராது, சத்தமும் அறைக்குள் தாங்காது. வாசலில் நாகஸ்வரக்காரர்கள் நிற்கிற இடத்தில் பைப்பரை அரைமணி நேரம் நிறுத்தி, விருந்தாளிகள் உள்ளே வந்ததும் அனுப்பிவிடுங்கள்.

நம் சங்கீதம் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு வேடிக்கை செய்யலாம். ஆட்டத்துக்கு வாசிக்கும் மெட்டு வகைகளில் ஜிக் என்பது ஆறெட்டு (6/8), நம் கணக்கில் திஸ்ர நடை. ரீல் சதுஸ்ரம். மெட்டு பெரும்பாலும் 32 பார் (அவர்களுடைய தாளச் சுற்று), எட்டு எட்டாக நான்கு துண்டு. ஒவ்வோர் எட்டு முடியும்போதும் ஆட்டத்தில் ஓர் அசைவு முடியும். மிருதங்கம் கற்ற பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்களில் சில, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு அந்தக் காலத்தில் வாசித்த மேற்கத்திய மெட்டுகளில் அமைந்தவை. 'வந்தே மீனாக்ஷி' ஓர் அயர்லாந்து மெட்டு. அதன் நொட்டேஷனை ஒரு மாதம் முன்னால் பிடில்காரருக்கு அனுப்பினால், விருந்தின்போது வாசித்துவிடுவார். பாட்டிமார் நிமிர்ந்து உட்காருவார்கள். முதல் நாள் இரவு அனுப்பி, "அப்படியே வாசிச்சுடுங்க" என்று கேட்காதீர்கள்.

தரையும் சத்தமும்

மரத்தரை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய ஊர் மண்டபங்களில் பலகைக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டிருப்பார்கள். குதித்தால் தரையும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், முழங்கால் வலிக்காது. கார்ப்பெட்டில் கெய்லி ஆடவே முடியாது. திரும்பும்போது செருப்பு பிடித்துக்கொள்ளும், கணுக்கால் பிசகும். தோட்டத்தில் கூடாரம் போடுகிறவர்கள் தேங்காய் நார்ப் பாய் விரித்து "தரை ரெடி" என்பார்கள். நடனம் நடக்கிற இடத்துக்கு மட்டுமாவது பலகை போடச் சொல்லுங்கள். எட்டுப் பேர் ஆடும் ஒரு செட்டுக்கு மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் வேண்டும். அதற்கு மேல் பேண்டுக்கு நான்கு மீட்டருக்கு இரண்டரை மீட்டர். வட்ட மேசைகளைப் போட்டுப் பார்த்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தை டேப் வைத்து அளந்து, அந்த அளவைப் பேண்டுக்கு எழுதுங்கள். 'பெரிய ஹால்' என்று எழுதினால் ஒன்றும் புரியாது.

சத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்பதை ஓட்டல்காரர்கள் தானாகச் சொல்ல மாட்டார்கள். 'லிமிட்டர்' என்று கேளுங்கள். சுவரில் ஒரு விளக்கு இருக்கும். சத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சிவப்பாகும். சில நொடி அப்படியே நீடித்தால் மேடையின் மின்சாரம் தானே போய்விடும். 90 டெசிபெல் பக்கம் வைத்திருந்தால், நூறு பேர் கைதட்டிக் கூவினாலே அதைத் தொட்டுவிடும். டிரம்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தில், ஓர் ஓட்டலில் (பெயர் வேண்டாம்), இந்தப் பெட்டியைப் பற்றி யாருமே சொல்லவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் பொட்டென்று எல்லாம் நின்றது. பாக்ஸ்காரர் ஒரு நொடி மேலே பார்த்தார். பிறகு மேடையிலிருந்து குதித்து, வட்டத்துக்கு நடுவே வந்து நின்று, ஒரு சுரம்கூட விடாமல் தொடர்ந்து வாசித்தார். அக்கார்டியனுக்கு மின்சாரம் எதற்கு? பிடில்காரரும் பின்னாலேயே வந்தார். காலர் கையைக் குவித்துக் கத்தினார். அன்றைக்கு அது நன்றாகவே முடிந்தது; ஆனால் அந்தப் பேண்டு அப்படிப்பட்டது. லிமிட்டர் இருக்கிற இடம் என்றால் முதலிலேயே டிரம்ஸ் இல்லாத பேண்டைப் பேசிவிடுங்கள்.

மின்சாரத்துக்கு இரண்டு சாதாரண பிளக் பாயின்ட் போதும். கூடாரத்தில் ஜெனரேட்டர் என்றால், கேட்டரிங்காரரின் டீ பாய்லரை அதே லைனில் மாட்ட விடாதீர்கள். சாமான் இறக்க வண்டி எவ்வளவு கிட்டே வரும், மாடிப்படி உண்டா என்பதையும் எழுதுங்கள். ஸ்பீக்கரையும் டிரம்ஸையும் இரண்டு மாடி தூக்கிவிட்டு வந்தவர் முகத்தில் சிரிப்பு வர நேரமாகும்.

பணம், காகிதம்

எங்கள் பக்கம் சனிக்கிழமை இரவுக்கு மூன்று பேர் பேண்டு சுமாராக 700 முதல் 1,000 பவுண்டு கேட்கிறார்கள். நான்கைந்து பேர் என்றால் அதற்கு மேல், 1,500 வரைக்கும் போகும். ஹாக்மனேக்கு இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, ஞாயிறு கொஞ்சம் இறங்கும். மே முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமைகளுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பேசிவிட வேண்டும். ஏஜென்சி வழியாகப் போனால் அவர்கள் கமிஷனும் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். ஆனால் பேண்டு கடைசி நிமிடத்தில் காலை வாரினால் மாற்று ஆள் தேடும் தலைவலி அவர்களுடையது. தூரத்திலிருந்து இங்கே கல்யாணம் வைக்கிறவர்களுக்கு அது லாபம்தான். உள்ளூர்க்காரர்கள் நேரே பேசுங்கள்.

நம் ஊரில் மேளம் பேசுகிற மாதிரி பேரம் பேசலாமா என்று கேட்கிறார்கள். தொகையில் பேசாதீர்கள், இறங்க மாட்டார்கள், மனமும் கசந்துபோகும். நேரத்தில் பேசலாம்: நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம் போதும் என்றால் விலை குறையும். உண்மையில் நம் விருந்துகளுக்கு அதுவே அதிகம்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: வந்து சேரும் நேரம், முதல் ஆட்டம், இடைவேளை, கடைசி ஆட்டம், அரைமணி கூடினால் எவ்வளவு, யார் ரத்து செய்தால் யாருக்கு எவ்வளவு. அட்வான்ஸ் வாங்குவார்கள், மீதி அன்றைக்கோ அதற்கு முன்போ. மண்டபக்காரர்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும், மின்சாதனங்களைச் சோதித்ததற்கான 'பாட்' சான்றும் கேட்போம். மியூசிஷியன்ஸ் யூனியன் உறுப்பினர்களுக்கு 1 கோடி பவுண்டு வரைக்கும் காப்பீடு உறுப்பினர் சலுகையாகவே வருகிறது, அதனால் நல்ல பேண்டுகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கேட்டதும் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். மூன்று மெயில் போட்டும் வராவிட்டால் நான் சந்தேகப்படுவேன்.

நம் வீட்டு விசேஷம் என்றால்

இதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணாடி வளையல். 'ஸ்ட்ரிப் த வில்லோ' என்றொரு ஆட்டம் உண்டு. இரவின் உச்சம் அதுதான். ஆர்க்னி தீவுகளின் முறையில் ஆண்கள் ஒரு நீள வரிசை, பெண்கள் எதிர் வரிசை. மேல் ஜோடி முதலில் கையைக் கோத்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றும். பிறகு பெண் ஆண்கள் வரிசையில் ஒவ்வொருவராகச் சுற்றிச் சுற்றி இறங்கி வருவாள், நடுநடுவே தன் ஜோடியோடும் ஒரு சுற்று. வேகம் ஏற ஏற, கோத்த கைகளுக்கு நடுவே வளையல் அகப்பட்டு நொறுங்கும். ஆடியவள் கையும் கிழியும். பத்து வயசுப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற தரையில் சில்லும் சிதறும். ஆட்டத்துக்கு முன் கண்ணாடி வளையலைக் கழற்றி ஒரு பையில் போட்டுப் பெரியம்மா ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். தங்க வளையலும் நீண்ட ஆரமும் அப்படியே. பட்டுப்புடவைக்கு மடிப்பில் இரண்டு பின் கூடுதலாகக் குத்தி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கட்டிக்கொண்டால் போதும், தாராளமாக ஆடலாம். மாப்பிள்ளைக்கு ஒட்டிக்கோ வேட்டியும் அதற்கு மேல் பெல்ட்டும். கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்களின் பாவாடை) கட்டியவர்களுக்கும் இதே கவலை இருக்கிறது என்று நம்மவர்களிடம் சொன்னால் தைரியம் வந்துவிடும்.

அடுத்தது, தொட்டு ஆடுவது. கே கார்டன்ஸில் ஆணும் பெண்ணும் இடுப்பில் கைவைத்துச் சுற்றுவார்கள். கனேடியன் பார்ன் டான்ஸில் ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி மாறும். சில அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் அது கூச்சம். வற்புறுத்தாதீர்கள், காலருக்கு முன்னாலேயே ஒரு வரி எழுதினால் அவர் பட்டியலை மாற்றிக்கொள்வார். கை மட்டும் கோக்கிற ஆட்டங்கள் நிறைய உண்டு. என் சிபாரிசு 'டாஷிங் ஒயிட் சார்ஜன்ட்'. மூன்று பேர் ஒரு வரிசை, எதிரே மூன்று பேர். ஆறு பேரும் கைகோத்து எட்டுக் காலடி ஒரு பக்கம், எட்டுக் காலடி திரும்பி. கடைசியில் ஒரு வரிசை கையைத் தூக்க, மற்றது அடியில் புகுந்து அடுத்த மூவரைப் பிடிக்கும். அம்மா, அத்தை, பேத்தி மூன்று பேரும் ஒரு வரிசையாக ஆடலாம். ஜோடி இல்லை என்று யாரும் உட்கார வேண்டியதில்லை. 'எயிட்சம் ரீல்' கேட்டு யாராவது பெருமையடித்தால் தலையாட்டாதீர்கள். எட்டுப் பேரும் முறைவைத்து நடுவில் வந்து ஆட வேண்டும். தெரியாத கூட்டத்தில் ஐந்தாவது ஆளுக்குள் செட் கலைந்துவிடும்.

சாப்பாட்டு நேரம். பிரியாணி போட்டுவிட்டு ஆடக் கூப்பிட்டால் யாரும் எழ மாட்டார்கள். முதல் முக்கால் மணி ஆட்டம், பிறகு சாப்பாடு, பிறகு மீதி. முதலில் ரோல்ஸும் வடையும் மட்டும் சுற்றிவரட்டும். பேண்டுக்கும் சுடச்சுட அதே சாப்பாடு, ஓர் ஓரத்து மேசையில், இடைவேளை ஆரம்பிக்கும்போதே. வரிசையில் கடைசியாக நிற்கவைத்தால் அவர்கள் இடைவேளை அங்கேயே முடிந்துவிடும். காரம் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஊத வேண்டிய ஆள் இருந்தால் முக்கியமாக.

குத்துப்பாட்டு டிஜே உண்டென்றால் கெய்லிக்குப் பிறகுதான். முன்னால் வைத்தால் அதற்கப்புறம் காலர் சொல்லும் "வலது கை, இடது கை" யார் காதிலும் ஏறாது. இடைவேளையில் பேண்டின் ஸ்பீக்கரில் இளையராஜா போட்டுக்கொள்ளலாம், பெரிய மாமா பேச ஒரு மைக்கும் தருவார்கள். இரண்டையும் முன்கூட்டிக் கேளுங்கள், போனுக்கு ஏற்ற ஒயர் நீங்களே கொண்டுபோங்கள்.

அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டால் நம்மவர்கள் எட்டேகாலுக்கு வருவார்கள். பேண்டு ஏழுக்கே தயாராக நிற்கும், அவர்கள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அழைப்பிதழில் ஆறு என்று போட்டு, பேண்டுக்கு ஏழரை என்று எழுதுங்கள். முதல் ஆட்டத்துக்கு ஏழெட்டு உறவுப் பிள்ளைகளைத் தயார் செய்துவையுங்கள். அவர்கள் இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள்.

கடைசியில் 'ஆல்ட் லாங் சைன்' என்ற பிரியாவிடைப் பாட்டு வரும். எல்லோரும் பெரிய வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள். கையை மார்புக்குக் குறுக்கே மாற்றிக் கோப்பது கடைசிச் சரணத்தில்தான். ஆரம்பத்திலேயே குறுக்கே கோத்தால் ஸ்காட்டிஷ் சம்பந்திகள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நடுவை நோக்கி ஓடும்போது சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

அதோடு முடிந்ததென்று கிளம்பாதீர்கள். பேண்டு சாமானைக் கழற்றி ஏற்ற முக்கால் மணி ஆகும், நாற்காலி அடுக்க இன்னும் கொஞ்சம். மண்டபத்தை நள்ளிரவு வரைக்கும் எடுத்திருந்தால் கடைசி ஆட்டம் பதினொன்றுக்கே முடிய வேண்டும். இல்லாவிட்டால் கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். அந்த நேரத்தில் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு சாவியோடு வாசலில் நிற்கப்போவது நான்.